பழைய ஜீப்புக்குப் புது ஹெடர்: வாசகர் கேள்வி பதில்

பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்ற காசு கைக்கு வருகிற இந்த மாதங்களில்தான் வயல்காரர்களின் பழைய ஃபோர்வீல் வண்டிகள் என் கராஜ் வாசலுக்கு வரத் தொடங்கும். திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் 31 வருடமாக எனக்கு இதுதான் வேலை. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எக்சோஸ்ட் ஹெடர் பற்றியவை. ஆகவே பிரேக், கிளட்ச் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதிதான் மெனிபோல்ட். கம்பனி பூட்டி அனுப்பும் கனத்த வார்ப்பிரும்பு மெனிபோல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் சிலிண்டருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாகப் போய்ப் பின்னால் ஒன்றுசேர்கிற மெனிபோல்ட்டைப் பூட்டினால் அதைத்தான் ஹெடர் என்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1978ஆம் ஆண்டு லேண்ட் குரூசர் எஃப்.ஜே. 45 பிக்கப் இருக்கிறது. 2எஃப் பெற்றோல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், சூடேறினால் குறைகிறது. மெனிபோல்ட் வெடித்துவிட்டது என்று வெல்டிங் வைத்தோம். இரண்டு மாதம்தான் நின்றது. கொழும்பில் ஆறு குழாய் ஹெடர் ஒன்று விலைக்கு இருக்கிறதாம். இழுவையும் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: ஐயா, காசைக் கொடுக்க முதல் அந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். குளிரில் பெரிதாகவும் சூட்டில் சிறிதாகவும் கேட்டால் அது பெரும்பாலும் வாயு கசிகிற சத்தம்தான். இரும்பு விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் பிறகு அடங்குகிறது. ஆனால் வெடிப்பில் கசிந்தாலும், மெனிபோல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கசியாமல் வைக்கும் கஸ்கெட்டில் கசிந்தாலும் காதுக்கு ஒரே சத்தம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்து நிற்கும்போது, வக்கியூம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிடுங்கள். மெனிபோல்ட் முழுவதும் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை எங்கே எழுகிறதோ அங்கேதான் கசிவு. கஸ்கெட் ஓரத்தில் எழுந்தால் உங்களுக்கு ஹெடர் தேவையே இல்லை. மெனிபோல்ட்டைக் கழற்றி முகத்தைச் சமப்படுத்திப் புதுக் கஸ்கெட் போட்டால் வேலை முடிந்தது.

வெடிப்புத்தான் என்றால், அந்த வெல்டிங் நிற்காததில் அதிசயம் இல்லை. வார்ப்பிரும்பைத் துண்டு முழுவதும் சூடாக்கி, நிக்கல் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, பிறகு சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். சாதாரணக் குச்சியால் அவசரமாக இழுத்துவிட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு விழும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் நல்ல மெனிபோல்ட் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். வார்ப்பிரும்பு சத்தத்தை அடக்கும், வருடக்கணக்காகத் துருவைத் தாங்கும், வயல் வண்டிக்கு அது போதும். கிடைக்காவிட்டால் ஹெடர் நியாயமான வழி.

இழுவை பற்றி. உங்கள் 2எஃப் 4.2 லீற்றர் எஞ்சின். நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழேயே தன் முழு இழுவையையும் கொடுத்துவிடும். ஹெடர் எப்படி உதவுகிறது என்றால், ஒரு சிலிண்டர் வெளியே தள்ளிய வாயு குழாயில் ஓடும்போது அதன் பின்னால் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. அடுத்த சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் அந்த உறிஞ்சல் வந்து சேர்ந்தால் உள்ளே மிஞ்சிய புகையையும் இழுத்துக்கொண்டு போகும். எந்தச் சுற்றில் இந்த நேரம் பொருந்தும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும்தான் தீர்மானிக்கும். குட்டையான, அகலமான குழாய்கள் உயர்ந்த சுற்றுக்கு ஏற்றவை. நெல் மூட்டையோடு லோ கியரில் வரம்போரம் ஊருகிற வண்டிக்கு அவற்றால் பயனில்லை, தாழ்ந்த சுற்றில் இழுவை கொஞ்சம் குறையவும் கூடும். நீளமான, ஒடுங்கிய குழாயாகத் தேடுங்கள். 2எஃப்பின் தீப்பற்றும் வரிசை 1-5-3-6-2-4. ஆகவே முன் மூன்று சிலிண்டர் ஒரு குழாயிலும் பின் மூன்று இன்னொன்றிலும் சேர்ந்து, அந்த இரண்டும் பின்னால் ஒன்றாகிற அமைப்பில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாயு சம இடைவெளியில் வரும். இந்த வண்டிக்கு அதுதான் பொருந்தும். அப்படிப் பூட்டினாலும் வித்தியாசம் மெல்லியதாகவே தெரியும். லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடுகிற வண்டி பத்து ஓடாது.

இனிப் பூட்டுவது. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் சேருவிலப் பக்கமிருந்து இதே மாதிரி வண்டி ஒன்று வந்தது, ஹெடரோடு. ஒரு நாளில் பூட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் டிக் டிக் என்று திரும்பி வந்தது, கஸ்கெட் எரிந்திருந்தது. புதுக் கஸ்கெட் போட்டேன். மறுபடி எரிந்தது. கஸ்கெட் கூடாது என்று நினைத்து வேறு வகை வாங்கிப் போட்டேன், அதுவும் எரிந்தது. மூன்றாம் முறை கழற்றியபோதுதான் வொஷர்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 2எஃப்பில் காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் இன்லெட்டும் புகை வெளியே போகும் எக்சோஸ்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கம், இரண்டுக்கும் ஒரே கஸ்கெட். தடித்த வொஷர் ஒன்று பாதி இன்லெட்டின் மேலும் பாதி எக்சோஸ்ட்டின் மேலும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அழுத்தும். நான் எடுத்த வொஷர்களில் இன்லெட் பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. எக்சோஸ்ட் பக்கம் பட்ட அடையாளமே இல்லை. தடிப்பு அளக்கும் வேர்னியர் வைத்துப் பார்த்தால், எஞ்சினோடு பொருந்தும் ஹெடரின் பிளேட் இன்லெட்டின் காதைவிட ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மெல்லியது. நான் எவ்வளவு முறுக்கினாலும் அந்த இறுக்கம் முழுவதும் இன்லெட்டுக்கே போயிருக்கிறது, ஹெடர் சும்மா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. லேத்துக்கடையில் வொஷர் ஒவ்வொன்றிலும் இன்லெட் பக்கம் அந்த 2 மில்லிமீற்றரைப் படியாக வெட்டி எடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வண்டி எக்சோஸ்ட் வேலைக்கு என்னிடம் வரவே இல்லை.

அதனால் ஹெடரை வாங்கும் கடைக்கே வேர்னியரையும் இரும்பு அடிமட்டம் ஒன்றையும் கொண்டு போங்கள். பிளேட் 9 அல்லது 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வாங்க வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும். அடிமட்டத்தை நீளத்துக்கு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெல்டிங் சூட்டில் புது ஹெடரே வளைந்து வருவது உண்டு. அதைச் சமப்படுத்தலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய மெனிபோல்ட் போனதும் இன்லெட்டின் அடியில் சூடு ஏற்றுகிற வாய் திறந்தபடி நிற்கும். அதற்கு மூடித் தகடும் கஸ்கெட்டும் வேண்டும். குளிர் நாட்டில் அந்தச் சூடு இல்லாவிட்டால் எஞ்சின் காலையில் திணறும். எங்கள் வெயிலில் இரண்டு நிமிடம் சோக் இழுத்தால் சரி.

பூட்டும்போது நட் எல்லாவற்றையும் கையால் சுற்றிவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று தடவையாக, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். பிறகு 100 கிலோமீற்றரில் ஒருமுறை, 500இல் ஒருமுறை. இந்த மறு இறுக்கத்தைச் செய்யாமல் விட்ட வண்டிகள்தான் எனக்கு அதிகம் திரும்பி வருகின்றன.

கேள்வி: அப்பா மீன் ஏற்றும் ஜீப்புக்கு மூன்று மாதம் முன்பு ஹெடர் போட்டார். அதற்குப் பிறகு குச்சவெளிக்குப் போய் வந்தால் தலையிடி என்று படுத்துவிடுகிறார். மழை நாளில் இன்னும் கூட. வெயிலால் என்று சொல்கிறார். ஜீப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, இதை வாசித்ததும் அப்பாவிடம் சாவியை வாங்கி வையுங்கள். மழை நாளில் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. மழைக்குக் கண்ணாடியை மூடுகிறார், உள்ளே வந்த வாயு உள்ளேயே நிற்கிறது. எக்சோஸ்ட்டில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலையிடி, பிறகு தூக்கம், குமட்டல். ஓட்டிக்கொண்டிருப்பவருக்குத் தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரை முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள், வண்டி விசயத்தையும் சொல்லுங்கள்.

ஜீப்பில் மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, ஹெடரும் எஞ்சினும் சேரும் இடம், குழாய்கள் ஒன்றுசேரும் இடம்: கறுப்புக் கரி படிந்திருந்தால் கசிகிறது. எஞ்சினை ஓடவிட்டு, கனத்த ஈரத் துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி அமத்திப் பிடித்தால் கசியும் இடம் சீறும். இதைத் திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள், கொட்டிலுக்குள் வேண்டாம். இரண்டு, எஞ்சினுக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் வயர் போகும் துளைகள், கியர் கம்பியின் ரப்பர் உறை. பழைய வண்டிகளில் இவை கிழிந்தே இருக்கும். மூன்று, சைலன்சர் வால் எங்கே முடிகிறது. வண்டியின் அடியிலேயே முடிந்தால், ஓடும்போது பின்பக்கம் சுழலும் காற்று புகையைப் படங்குக்குள் இழுத்துவிடும். வால் வண்டிக் கூட்டுக்கு வெளியே நீட்டி முடிய வேண்டும். இவை சரியாகும்வரை அப்பா மீனை வேறு வண்டியில் அனுப்பட்டும்.

கேள்வி: 3எல் டீசல் ஹைலக்ஸ். ஹெடர் போட்டால் கந்தளாய் ஏற்றத்தில் நன்றாக இழுக்குமா? (வாசகர், மூதூர்)

பதில்: இழுக்காது தம்பி. டர்போ இல்லாத 2.8 லீற்றர் டீசலில் எவ்வளவு டீசல் எரிகிறது, அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பதில்தான் பலம் இருக்கிறது. ஹெடருக்குக் கொடுக்கிற காசில் டீசலைத் தெளிக்கும் நொசில்களைக் கழற்றிப் பரிசோதித்து, டீசல் பம்பை அளவு பிடித்து, எயார் ஃபில்டர் மாற்றி, வால்வு இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். சைலன்சர் உள்ளே உடைந்து அடைத்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உங்கள் டர்போவே மெனிபோல்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அகலமாக்க வேண்டியது டர்போவுக்குப் பின்னால் போகும் குழாயை.

கேள்வி: வீடு நிலாவெளியில், கடலிலிருந்து முந்நூறு மீற்றர். ஹெடருக்குச் சூட்டுத் துணி சுற்றச் சொல்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் வாங்கினால் துருப்பிடிக்காதா? (வாசகர், நிலாவெளி)

பதில்: சுற்றாதீர்கள். அந்தக் கண்ணாடி நார்த் துணி சூட்டை உள்ளே பிடித்துவைக்கும், அது உண்மை. ஆனால் வண்டி நிற்கும்போது உப்புக் காற்றின் ஈரத்தையும் பிடித்துவைக்கும். மேலே பார்த்தால் துணி அழகாக இருக்கும், உள்ளே சாதாரண இரும்புக் குழாய் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். சென்ற வருடம் சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு ஹெடரில் துணியை அவிழ்த்தபோது குழாயும் துணியோடு கையில் வந்தது. போட்டு இரண்டு மாரிகூட ஆகவில்லை. செராமிக் பூச்சுப் பூசிய ஹெடர் கிடைத்தால் அது மேல். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சின் ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, மறுபடி ஓட்டிக் காயவிடுங்கள். சூடான ஹெடரில் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் நல்லதுதான், ஆனாலும் உப்பு அதையும் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரியும். 60 சென்ரிமீற்றர் நீளமான பிளேட் 300 பாகை சூடேறினால் சாதாரண இரும்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும், 304 வகை ஸ்டெயின்லெஸ் 3 மில்லிமீற்றர். ஹெடர் பூட்டப்படும் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் அவ்வளவு சூடாவதும் இல்லை, நீள்வதும் இல்லை. ஆகவே ஓரத் துளைகள் நீள்வட்டமாக இருக்க வேண்டும். இறுக்கமான வட்டத் துளை என்றால் ஒன்று பிளேட் வளையும், இல்லாவிட்டால் நட் ஏறுகிற மரைக்கம்பியான ஸ்டட் முறியும்.

கேள்வி: ஹெடர் பூட்ட மெனிபோல்ட்டைக் கழற்றினோம். கடைசி ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்துவிட்டது. துளைத்து எடுக்கலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: துளைப்பது கடைசி வழி. முறிந்த முனை வெளியே கொஞ்சமேனும் தெரிந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவால் வெல்டிங் வைத்து நிரப்புங்கள். வெல்டிங்கின் சூடே ஸ்டட்டைச் சுற்றிய துருவை உடைத்துவிடும். செந்நிறம் போய் ஆறியதும் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். முதல் நட் கழன்றால் இரண்டாவது வையுங்கள். நான் ஐந்தாவது நட்டில் எடுத்த ஸ்டட்டும் உண்டு. உள்ளுக்கே முறிந்திருந்தால் மட்டும் துளையுங்கள், சரி நடுவில் புள்ளி குத்தி, மெல்லிய பிட்டில் தொடங்கி. கைத்துளைப்பான் சரிந்தால் ஹெட் போய்விடும். கை நடுங்குகிறது என்றால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கடைக்குக் கொண்டு போவதுதான் மலிவு.

அடுத்த முறைக்கு: கழற்ற மூன்று நாள் முதலே காலையும் மாலையும் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். திரும்பப் பூட்டும்போது செம்புப் பசை பூசி, பித்தளை நட் போடுங்கள். பித்தளை இரும்போடு துருவாகி ஒட்டாது.

கேள்வி: ஹெடர் போட்ட பிறகு, சந்தையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் எஞ்சின் பிடிக்குதில்லை. அரை மணித்தியாலம் போனால் பிடிக்கிறது. புகைப் பரிசோதனையும் தவறிவிட்டது. (வாசகர், உவர்மலை)

பதில்: குழாய்களின் சூடு மேலே ஏறி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் உள்ள பெற்றோலைக் கொதிக்கவைக்கிறது. கொதித்த பெற்றோல் இன்லெட்டுக்குள் வழிந்து பிளக்கை நனைக்கிறது. ஹெடருக்கும் காபரேற்றருக்கும் நடுவில் அலுமினியத் தகடு ஒன்றை, இரண்டையும் தொடாதபடி, வைத்துப் பூட்டுங்கள். காபரேற்றரின் அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த பேக்கலைட் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கிளட்ச் எண்ணெய்க் குழாயும் ஸ்டார்ட்டர் வயரும் ஹெடரிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி இருக்கட்டும்.

பரிசோதனையில் தவறியதற்குக் காபரேற்றரை அளவு பிடிக்காததுதான் காரணமாக இருக்கும். ஹெடர் மாற்றினால் பெற்றோல், காற்று அளவும் மாறும். இருபது கிலோமீற்றர் ஓடிவந்து பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண் நிறம் நல்லது. வெள்ளை என்றால் பெற்றோல் போதாது, அப்படியே ஓடினால் வால்வு கருகும். "ஹெடர் போட்டால் வால்வு எரியும்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பொலிஸ் பிடிக்கும் என்பதற்காக மட்டுமல்ல, உங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து படுத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: புல்மோட்டை வீதியில் தினமும் ஓடும் பிக்கப். ஹெடர் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் எட்டு மாதத்தில் வெடித்தது. ஒட்டினோம், மறுபடி வெடித்தது. ஹெடர் தரம் இல்லையா? (வாசகர், புடவைக்கட்டு)

பதில்: ஹெடரைக் குறை சொல்ல முதல் பொனெற்றைத் திறந்து வைத்து, எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, ஒருவரை எக்சிலேற்றரை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லி எஞ்சினைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து எழும்பும். எக்சோஸ்ட் குழாயோ சேசிஸில் இறுக்கமாகப் பூட்டியிருக்கும். எஞ்சின் ஆடுகிறது, குழாய் ஆடமாட்டேன் என்கிறது. நடுவில் அகப்பட்ட வெல்டிங் வெடிக்கிறது. வார்ப்பிரும்பு அந்த முறுக்கலைத் தாங்கியது, மெல்லிய குழாய் தாங்காது.

மவுண்ட் ரப்பர்கள் நசிந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். ஹெடர் முடிந்த இடத்தில் பின்னல் உறை போட்ட வளையும் குழாய் ஒரு சாண் நீளம் வையுங்கள். முதலாவது தாங்கியைச் சேசிஸில் பூட்டாமல் கியர்பொக்ஸில் பூட்டுங்கள், அப்போது எஞ்சினும் குழாயும் சேர்ந்து ஆடும். அதற்குப் பின்னால் உள்ள தாங்கிகள் எல்லாம் ரப்பரில் தொங்க வேண்டும். கடைசியாக, முன் சில்லு ஒன்றை ஜாக்கில் முழுக்கத் தூக்கியும் இறக்கியும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குழாயில் உரசுகிறதா என்று அடியில் இருந்து பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம், சேசிஸுக்குக் கீழே கட்டை வைத்துவிட்டுப் போங்கள்.